சிங்கப்பூருக்குப் படிக்க வர்றீங்களா, முதல் மாசக் காசைத் தனியா வைங்க

ஊர்லேர்ந்து படிக்க வர்ற தம்பி தங்கச்சிங்க ஃபீஸை மட்டும் சரியா கணக்கு போட்டுட்டு வந்துடறாங்க, ஆனா இடிக்கிறது முதல் மாசம்தான், ரூமுக்கு டெபாசிட், முதல் மாச வாடகை ரெண்டையும் பெரும்பாலும் ஒண்ணா கேப்பாங்க. வீவக வீடுன்னா (அரசாங்கம் கட்டின HDB அடுக்குமாடி வீடு) குறைஞ்சது 6 மாசத்துக்கு எடுக்கணும், அதனால நேர்ல பாக்காம பணம் அனுப்பிடாதீங்க ப்ளீஸ். ஏர்கான் கரண்ட் பில் வாடகையில சேருமா தனியான்னும் முன்னாடியே கேட்டுக்குங்க. சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவுல இருக்கற தேக்கா மார்க்கெட்ல காய்கறி வாங்கி சமைச்சா நல்லாவே மிச்சம்.

டியூஷன் கிராண்ட் (ஃபீஸ்ல ஒரு பங்கை அரசாங்கம் கட்டற உதவி) எடுத்தா படிச்சு முடிச்சு 3 வருஷம் சிங்கப்பூர்ல பதிவான கம்பெனியில வேலை பாக்கணும், கையெழுத்துக்கு முன்னாடி அம்மா அப்பாகிட்ட பேசிடுங்க. பார்ட் டைம் வேலையை நம்பி பட்ஜெட் போடவே போடாதீங்க, அனுமதி உள்ள காலேஜா இருந்தாலும் கிளாஸ் நடக்கறப்போ வாரம் 16 மணி நேரம்தான்.