ஒன்ராறியோவின் விடுமுறைகளும் விடுமுறையல்லாத இரண்டு நாட்களும்

ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்கள், நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் அச்சிடப்பட்ட நாட்கள் எல்லாமே சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்று எண்ணிவிடக் கூடாது. மாகாணச் சட்டப்படி பொது விடுமுறைகள் ஒன்பதுதான்: புத்தாண்டு, பெப்ரவரியில் வரும் குடும்ப நாள், பெரிய வெள்ளி, விக்டோரியா நாள், கனடா நாள், தொழிலாளர் நாள், நன்றி நவிலல் நாள், நத்தார், அதற்கு மறுநாளான பொக்சிங் டே. ஓகஸ்ட் முதல் திங்களன்று பல அலுவலகங்கள் பூட்டியிருந்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது.

பகுதிநேர வேலை செய்பவருக்கும் விடுமுறைச் சம்பளம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. விடுமுறை வரும் வாரத்துக்கு முந்திய நான்கு வேலை வாரங்களில் உழைத்த வழமையான சம்பளத்தையும் அக்காலத்துக்குரிய விடுப்பூதியத்தையும் (vacation pay) கூட்டி 20 ஆல் வகுத்தால் அந்தத் தொகை வரும். அன்று வேலை செய்ய எழுத்தில் சம்மதித்தால், விடுமுறைச் சம்பளத்தோடு உழைத்த மணித்தியாலங்களுக்கு ஒன்றரை மடங்கு கேட்கலாம். அல்லது வழமையான சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு, சம்பளத்துடன் வேறொரு நாள் லீவு எடுக்கலாம். விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ தகுந்த காரணமின்றி வேலைக்குப் போகாமல் விட்டால் இந்த உரிமை பறிபோகும். வங்கி, விமான சேவை போன்ற மத்திய அரசின் தொழிற்சட்டத்துக்கு உட்பட்ட இடங்களில் பட்டியலே வேறு. அங்கே குடும்ப நாள் இல்லை, செப்டம்பர் 30உம் நவம்பர் 11உம் உண்டு.

அந்த இரண்டு நாட்களிலும் ஒன்ராறியோவின் கடைகளும் தொழிற்சாலைகளும் வழக்கம்போல இயங்குகின்றன. ஆயினும் கனடா தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அறிய, கனடா நாளான யூலை முதலாம் தேதியின் வாணவேடிக்கையைவிட அவையே அதிகம் உதவும் என்பது என் கணிப்பு. யூலை 1கூட எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான கொண்டாட்டம் இல்லை. 1867இல் கூட்டாட்சி பிறந்த நாள் அது என்றாலும், கியூபெக்கில் பெரிய விழா யூன் 24தான். யூலை முதலாம் தேதியில் அங்கே பலர் வீடு மாறிக்கொண்டிருப்பார்கள். நியூபவுண்ட்லாந்தில் அன்று காலை துக்கம் அனுசரிக்கிறார்கள். முதலாம் உலகப்போரின்போது, 1916இல் அதே நாளில், பிரான்சின் போமொன்ட்-ஹமெலில், அந்த மண்ணின் படைப்பிரிவிலிருந்து களமிறங்கிய ஏறத்தாழ 800 பேரில் மறுநாள் பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேரே. 1986 ஓகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 இலங்கைத் தமிழ் அகதிகளை மீட்ட மீனவர்களும் அதே நியூபவுண்ட்லாந்துக்காரர்கள்தான்.

செப்டம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். 2021 முதல் இது மத்திய அரசின் சட்டப்படியான விடுமுறை. அந்த வாரத்தில் பிள்ளையின் பள்ளியிலிருந்து, செம்மஞ்சள் நிறச் சட்டை அணிந்து வரும்படி கடிதம் வரும். 1973இல் பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமி, பாட்டி வாங்கிக் கொடுத்த புத்தம்புதிய செம்மஞ்சள் சட்டையோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு வதிவிடப் பள்ளிக்குப் போனார். முதல் நாளே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், திருப்பிக் கொடுக்கவேயில்லை. அரசின் பணத்திலும் திருச்சபைகளின் நிர்வாகத்திலும் நூறாண்டுக்கு மேல் நடந்த அத்தகைய பள்ளிகளுக்கு 150,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரித்து அனுப்பப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் பலர். கூட்டங்களின் தொடக்கத்தில் பூர்வகுடிகளின் நிலத்தை அங்கீகரித்து வாசிக்கும்போது அதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் எடுக்கப்போகும் குடியுரிமை உறுதிமொழியிலேயே, 2021 முதல், பூர்வகுடிகளின் உரிமைகளும் உடன்படிக்கை உரிமைகளும் இடம்பெறுகின்றன.

நவம்பர் 11 முதலாம் உலகப்போர் ஓய்ந்த நாள்; போர்களில் இறந்த படையினரை நினைவுகூரும் நாள். ஒக்டோபர் கடைசியிலிருந்து கடை வாசல்களில் முன்னாள் படையினர் சங்கத்தின் உண்டியலும் சிவப்புப் பொப்பிப் பூக்களும் இருக்கும்; விரும்பிய காசைப் போட்டு ஒன்றை எடுத்து இடது மார்பில் குத்திக்கொள்வது வழக்கம். அதன் ஊசி லேசில் கழன்றுவிடும், குளிர்ச்சட்டையில் இரண்டு முறை கோத்துக் குத்துங்கள். இராணுவச் சீருடைக்கு அஞ்சி நாட்டைவிட்டு வந்தவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருப்பது இயல்பே. பூ அணிவது கட்டாயமில்லை, காரணத்தையும் யாரும் கேட்கமாட்டார்கள். காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் எல்லோரும் மௌனமாக நிற்கும்போது தொலைபேசியை எடுத்துப் பேசாமல் இருந்தால் போதும்.

நம் நாட்களைப் பொறுத்தவரை, சனவரி மாதத்தைத் தமிழ் மரபுரிமை மாதமாக ஒன்ராறியோ 2014இல் சட்டமாக்கியது. கனடிய நாடாளுமன்றமும் 2016இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனாலும் தைப்பொங்கலுக்கு லீவு கிடையாது. சமய அனுசரிப்புக்காக லீவோ வேலை நேர மாற்றமோ கேட்டால், தாங்கமுடியாத சிரமம் ஏற்படாதவரை வேலை கொடுப்பவர் இடமளிக்க வேண்டும் என்று மாகாண மனித உரிமைச் சட்டக்கோவை சொல்கிறது. அந்த நாளுக்குச் சம்பளம் கிடைக்கும் என்று அதற்குப் பொருளில்லை. காலையில் வருத்தம் என்று பொய் சொல்லி நிற்பதைவிட, டிசம்பரிலேயே திகதியையும் காரணத்தையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வேலை அட்டவணை போடுமுன் கேட்டால் மேற்பார்வையாளருக்கும் மறுக்கக் காரணம் குறைவு.