காயை நகர்த்தும்போது எப்படி எண்ணுகிறீர்கள்?

முன்பள்ளிப் பிள்ளைகளோடு சில பெற்றோர் பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். போன கிழமை ஒரு அம்மா தன் மகனோடு பாம்பும் ஏணியும் விளையாடிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழை. விளையாட்டில் பிள்ளைக்கு எண் பழக்கும்போது சிறு மணிகளை வாயில் போட விடக்கூடாது, அதட்டக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணுவது

காய் 5இல் நிற்கிறது. தாயக்கட்டையில் 2 விழுகிறது. "ஒண்டு, ரெண்டு" என்று நகர்த்துகிறோம். காய் சரியாக 7இல் போய் நிற்கும். ஆனால் பிள்ளையின் வாயில் ஆறும் வரவில்லை, ஏழும் வரவில்லை. "ஆறு, ஏழு" என்று சொல்லித்தான் நகர்த்த வேண்டும்.

ஒரு மாரி முழுக்க, மழை விடாத கார்த்திகையும் மார்கழியும், என் மகளோடு அப்படித்தான் விளையாடினேன். அவளுக்கு நாலரை வயது. எண்ணுவதில் பிழையே வராது. பொங்கல் முடிந்து ஒருநாள் காய் 8இல் இருக்கும்போது, "அடுத்த கட்டம் என்ன?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரலை 1இல் வைத்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். இரண்டு மாதமாக அவள் கட்டத்தில் இருந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லாதபடி பழக்கியது நான். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் எழுதிய பலகையில் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். 15-20 நிமிடப்படி நாலே தடவை. எண்ணறிவு கூடியது, ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்தது. எண் இல்லாமல் நிறம் மட்டும் இருந்த பலகையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. 2014இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் செய்த ஆய்வில், நிற்கும் கட்டத்திலிருந்து தொடர்ந்து எண்ணிய பிள்ளைகள்தான் அதிகம் பயனடைந்தார்கள்.

பாம்பும் ஏணியும் பலகையில் ஒரு வரி வலப்பக்கம் ஓடும், அடுத்தது இடப்பக்கம் திரும்பும். எண் கூடினால் எந்தப் பக்கம் போகிறது என்று நாலு வயதுக்குப் பிடிபடாது. அதை ஒதுக்கி வையுங்கள். திருகோணமலையின் டச்சுபே கடற்கரை மணலில் தடியால் பத்துக் கட்டம் ஒரே வரிசையில் கீறுங்கள். வீட்டில் வெண்கட்டி போதும். ஒரு புளியங்கொட்டையை எடுத்து, ஒரு பக்கத்தை வெள்ளை தெரியும்வரை சீமெந்துத் தரையில் தேயுங்கள். வெள்ளை விழுந்தால் 1, கறுப்பு விழுந்தால் 2. சிப்பிதான் காய்.

ஒப்பிப்பதை எண்ணுவதென்று நம்புவது

நூறு வரை சொல்லும் பிள்ளையிடம் "நாலு சிப்பி தாங்கோ" என்று கேளுங்கள். கைநிறைய அள்ளித் தந்தால், அது இன்னும் பாட்டுத்தான்.

களைத்த பிறகும் இழுப்பது

கால்மணி நேரம். போதும்.

முந்திக்கொண்டு விடை சொல்வது

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தபோது, கூட வந்த ஒரு சின்னவள் சுற்றிச் சுற்றி எண்ணி, "ஒன்பது" என்றாள். அவள் அப்பா "ஏழு" என்று சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "எந்தக் கிணத்தில தொடங்கினீங்க பிள்ளை?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் தன் ஒரு செருப்பைக் கழற்றி முதல் கிணற்றடியில் வைத்துவிட்டு, மற்றக் காலால் கெந்திக் கெந்தி எண்ணத் தொடங்கினாள். செருப்பைக் கண்டதும் நின்றாள். ஏழு.