கம்பெனி இழுத்து மூடினாலும் உங்கள் பொருள் உங்களிடமே இருக்க என்ன செய்யலாம்?

2016 மே 15 அன்று ரிவால்வ் என்ற சின்னப் பெட்டி, அதை வாங்கிய எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் செத்துப்போனது. விளக்கு, கதவுப் பூட்டு, சென்சார் என்று தனித்தனி ஆப் கேட்கும் சாமான்களை எல்லாம் ஒரே இடத்தில் இணைக்கும் பெட்டி அது, விலை 300 டாலர். பெட்டியில் ஒரு பழுதும் கிடையாது. 2014-இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது, அங்கிருந்த ஆட்களை எடுத்துக்கொண்டது, பொருளை விற்பதை நிறுத்தியது, கடைசியில் அந்தப் பெட்டி நம்பியிருந்த சர்வரையும் அணைத்துவிட்டது. இதே கதை வேறு வேறு பெயர்களில் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை விற்ற, காரில் வைத்துப் பாட்டு கேட்கும் சின்னத் திரையான கார் திங் 2024 டிசம்பர் 9-இல் நின்றது. ஹியூமேன் கம்பெனியின், சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஏஐ பின் 2025 பிப்ரவரி 28-இல் நின்றது, அது வாங்கியவர்கள் கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அதனால் இணையத்தோடு பேசும் எதை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கம்பெனி நாளைக்கே இல்லாமல் போனால் என் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான். ஸ்பெக், ஸ்டார் ரேட்டிங், யூடியூப் விமர்சனம் எல்லாம் அப்புறம். கம்பெனிக்காரர்கள் கெட்டவர்களா நல்லவர்களா என்பதும் இதில் பெரிய விஷயம் இல்லை, ஏனென்றால் நல்லவர்கள் நடத்தும் கம்பெனியைத்தான் முதலில் யாராவது வாங்கிவிடுகிறார்கள்.

காசு கொடுக்கும் முன்

பெட்டி மேல் இருக்கும் வாசகங்களைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. தயாரிப்பாளர் தளத்தில் கையேடு பிடிஎஃப்-ஆகக் கிடைக்கும், வாங்குவதற்கு முன்பே அதை இறக்கி முதல் இரண்டு பக்கங்களைப் பாருங்கள். "ஆப்பை நிறுவுங்கள், கணக்கு தொடங்குங்கள்" என்று ஆரம்பித்து, கணக்கு இல்லாமல் இயக்க வேறு வழியே சொல்லவில்லை என்றால், அந்தப் பொருளின் சுவிட்ச் அவர்கள் கையில் இருக்கிறது. ஒரு பல்பு எரிய என் போன் நம்பர் எதற்கு என்று கேட்டால் இதுவரை யாரும் எனக்கு உருப்படியான பதில் சொன்னதில்லை.

இன்னொரு நல்ல வழி, ஹோம் அசிஸ்டண்ட் தளத்தில் போய்த் தேடுவது. வீட்டுக் கருவிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து நிர்வகிக்க உதவும் இலவச, திறந்த மூல மென்பொருள் அது. அதை நிறுவும் எண்ணமே உங்களுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தளத்தில் ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும், அந்தப் பக்கத்தில் 'லோக்கல் புஷ்', 'கிளவுட் போலிங்' என்கிற மாதிரி ஒரு குறிப்பு இருக்கும். லோக்கல் என்றிருந்தால் கருவியோடு வீட்டுக்குள்ளேயே பேச முடிகிறது என்று அர்த்தம். கிளவுட் என்றால் பக்கத்து அறை விளக்கை அணைக்கக்கூட உங்கள் கட்டளை யாரோ ஒருவரின் சர்வருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். விற்பனைப் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத தகவல் அங்கே ஒரே வரியில் கிடைத்துவிடும். பொதுவாக ஜிக்பீ, இசட்-வேவ், மேட்டர் என்ற, வீட்டுக்குள்ளேயே பேச உதவும் பொதுத் தரங்களில் இயங்கும் கருவிகள் இந்த விஷயத்தில் தேவலை. கேமரா என்றால் ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் (வேறு மென்பொருளிலும் படத்தைப் பார்க்க உதவும் பொதுத் தரங்கள்) ஆதரவு இருக்கிறதா, பதிவை உள்ளேயே மெமரி கார்டில் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

வாங்கியாயிற்றா? சரி, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரவுட்டரை அணைக்க வேண்டாம், அதற்குள் வரும் இணைய கேபிளை மட்டும் கழற்றுங்கள். வைஃபை ஓடும், இணையம் இருக்காது. போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். வேலை செய்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம், கருவியின் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போட்டு, இணையம் இல்லாமலேயே மறுபடி கிளம்புகிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே உள்நுழைந்த நிலையில் சமாளித்துக்கொண்டிருக்கும் சில சாமான்கள் மறுபடி கிளப்பும்போதுதான் சர்வரைத் தேடிக்கொண்டு நின்றுவிடும். எது எது நின்றது என்று குறித்துவைத்துக்கொண்டு, அது இல்லாமல் அந்தப் பொருள் உங்களுக்குத் தேவையா என்று அப்போது முடிவு செய்யுங்கள்.

புத்தகம், பாட்டு, விளையாட்டு

2009 ஜூலையில் அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய இரண்டு புத்தகங்களை அவர்களுடைய கிண்டில்களிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லாத பதிப்பு என்பது காரணம், பணமும் திரும்பி வந்தது. அழிக்கப்பட்டவை ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984-உம் விலங்குப் பண்ணையும் என்பதால் உலகமே அதைப் பேசியது. வேறு ஏதாவது சமையல் புத்தகமாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பத்து வருஷம் கழித்து 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் மொத்தமும் போயின, அதற்கும் பணம் திரும்பக் கிடைத்தது, புத்தகத்தில் குறிப்பு எழுதிவைத்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். யூபிசாஃப்ட் 2024 மார்ச் இறுதியில் தி க்ரூ என்ற கார் பந்தய வீடியோ விளையாட்டின் சர்வரை அணைத்தபோது, தனியாக ஆடுபவர்களால்கூட அதைத் தொட முடியாமல் போனது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்பவர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் எச்சரிக்கைப் பலகை வைப்பதோடு நின்றுவிடுகிறது.

சந்தா கட்டிப் பாட்டு கேட்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. வாடகை என்று தெரிந்தே வாடகை கொடுக்கிறோம். முழு விலையையும் வாங்கிக்கொண்டு வாடகைக்குத் தருவதுதான் கோபம் வரவைக்கிறது. ஆகவே முழு விலை கொடுக்கும் இடத்தில் கோப்பு கையில் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விளையாட்டுக்கு ஜிஓஜி, பாட்டுக்கு பேண்ட்கேம்ப் இரண்டும் பூட்டு (நகலெடுக்கவோ வேறு கருவியில் திறக்கவோ விடாத டிஆர்எம் தடை) இல்லாத கோப்பாகவே தருகின்றன. மின்புத்தகத்தில் பூட்டில்லாத இபப் (பல கருவிகளில் திறக்கும் மின்புத்தக வடிவம்) தரும் பதிப்பகங்கள் உண்டு, அறிவியல் புனைகதை வெளியிடும் டோர் 2012-இலிருந்தே அப்படித்தான் விற்கிறது. வாங்கியதும் இறக்கி வைத்துவிடுங்கள், 'அப்புறம் பார்த்துக்கலாம்' வேண்டாம். கிண்டில் புத்தகங்களைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-இல் எடுத்துவிட்டது, அதுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

பூட்டை உடைக்கலாமா என்று கேட்பீர்கள். தொழில்நுட்ப ரீதியாக முடிவது வேறு, சட்டம் வேறு. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவு, உங்கள் சொந்தப் பிரதியாகவே இருந்தாலும் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சில விலக்குகள் மட்டும் தருகிறார்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் தகவலை வெளியே எடுப்பது

இதற்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். கூகுளில் உள்ள உங்கள் தகவலின் பிரதியைத் தரும் கூகுள் டேக்அவுட்டில் எல்லாவற்றையும் கேட்கலாம், தயாரானதும் இணைப்பு மின்னஞ்சலில் வரும், சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஒரு வருஷத்துக்குத் தானாக எடுக்கவும் அதிலேயே சொல்லிவைக்கலாம். ஆப்பிளும் தன் தனியுரிமைப் பக்கத்தில் இதே மாதிரி ஒரு பிரதி தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதை உரிமையாகவே ஆக்கிவிட்டது, அதனால் அங்கே வியாபாரம் செய்யும் பெரிய கம்பெனிகளிடம் இப்படி ஒரு பொத்தான் எங்காவது இருக்கும். எளிதில் கண்ணில் படாத மூலையில் வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

இறக்கியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். டேக்அவுட்டில் வரும் புகைப்படங்களின் தேதி, இடம், விளக்கம் போன்ற விவரங்கள் பக்கத்திலேயே ஜேசான் என்ற தனி உரைக் கோப்புகளில் இருக்கும், வேறு ஆப்பில் அப்படியே ஏற்றினால் சில படங்கள் தப்பான தேதியில் போய் உட்காரும், அவற்றைச் சேர்த்துத் தரத் தனிக் கருவிகள் உண்டு. கணக்கு உயிரோடு இருக்கும்போது இந்தச் சிக்கல் தெரிந்தால் திரும்ப எடுக்கலாம், மூடிய பிறகு தெரிந்து என்ன பயன்?

இதைவிட முக்கியமானது மின்னஞ்சல் முகவரி. எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் அந்த ஒரு முகவரியை வைத்துத்தான் மீட்கிறோம், அதை ஏதோ ஒரு தானியங்கி முடக்கிவிட்டால் மற்ற எல்லாக் கதவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், யாரிடம் போய்ப் பேசுவது என்றும் தெரியாது. சொந்தமாக ஒரு டொமைன் (@ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர்) வாங்கி அதில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். டொமைனும் வருஷா வருஷம் கட்டும் வாடகைதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சேவை பிடிக்காவிட்டால் முகவரியை மாற்றாமலே வேறு இடத்துக்குப் போகலாம். அதோடு 'கூகுள் மூலம் உள்நுழை' வகைப் பொத்தான்களைக் குறைத்துவிட்டு, கீபாஸ் மாதிரி ஒரு கடவுச்சொல் பெட்டகத்துக்கு மாறுங்கள். இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து வையுங்கள்.

அப்டேட் என்ற பெயரில் வருவது

2016 செப்டம்பரில் எச்பி அச்சுப்பொறிகள் பல திடீரென்று வேறு கம்பெனி மைக்குப்பிகளை ஏற்க மறுத்தன. முன்பே ஏற்றிவைத்த ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) குறிப்பிட்ட நாளில் விழித்துக்கொண்டு செய்த வேலை அது. இதனால்தான் அச்சுப்பொறியில் மட்டும் தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள் என்று சொல்கிறேன். இதையே போனுக்கும் ரவுட்டருக்கும் செய்துவிடாதீர்கள், அவற்றில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

டிவிக்கு என் யோசனை இன்னும் எளிது: வைஃபை கடவுச்சொல்லையே கொடுக்காதீர்கள். திரையில் என்ன ஓடுகிறது என்று பார்த்து அனுப்பும் ஏசிஆர் தொழில்நுட்பம் இப்போது பல பிராண்டுகளில் இருக்கிறது. கேட்காமலே இப்படிச் சேகரித்ததற்காக விசியோ 2017-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடும் நியூ ஜெர்சி மாநிலத்தோடும் 22 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. டிவியிலேயே ஆப் வேண்டும் என்றால் அமைப்புகளுக்குள் போய் இதை அணையுங்கள். எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்றும் சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள், பெயரைப் பார்த்தால் நமக்கு ஏதோ சேவை செய்கிற மாதிரி இருக்கும்.

போனில் இரண்டே விஷயம்: எத்தனை வருஷம் அப்டேட் தருவதாக எழுத்தில் சொல்கிறார்கள், பூட்லோடரை (போன் கிளம்பும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) திறக்க அனுமதிக்கிறார்களா. இரண்டாவது இருந்தால் முதலாவது முடிந்த பிறகும் லீனியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைப் போட்டு ஓட்ட வாய்ப்பிருக்கிறது, உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

மூடும் அறிவிப்பு வந்துவிட்டால்

அன்றைக்கே தகவலை ஏற்றுமதி செய்யுங்கள், கடைசி நாள் வரை காத்திருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து முட்டுவார்கள். அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், தர மாட்டோம் என்று முதல் பதில் வந்தாலும் இன்னொரு முறை கேளுங்கள். கார் திங் விஷயத்தில் முதலில் பணம் கிடையாது என்பது போலத்தான் இருந்தது, சத்தம் கிளம்பிய பிறகு, வாங்கிய ரசீதைக் காட்டியவர்களுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். ரிவால்வ் விஷயத்திலும் செய்தி வெளியான பிறகுதான் நஷ்ட ஈட்டுப் பேச்சே வந்தது. அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிலும் புகார் கொடுக்கலாம், அதற்குக் கெடு உண்டு.

இதற்கெல்லாம் பில் வேண்டும். வாங்கிய அன்றே பில்லையும், 'இந்த வசதி உண்டு' என்று உறுதி சொல்லும் விற்பனைப் பக்கத்தையும் பிடிஎஃப்-ஆகச் சேமித்து, அந்தக் கம்பெனியின் கணக்கில் இல்லாத வேறொரு இடத்தில் வையுங்கள்.