ஏடிவியின் பின்புற ஷாக்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

நிலாவெளி மணலில் ஒரு பருவம் முழுவதும் ஓடிய ஸ்போர்ட் ஏடிவி (எல்லா வகை நிலத்திலும் ஓடும் நான்கு சில்லு வண்டி), பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்று இடிக்கவும், மேடு தாண்டியபின் இரண்டு மூன்று தடவை துள்ளவும் தொடங்கினால், உரிமையாளருக்கு முதலில் தோன்றுவது புதிய ஷாக் அப்சோபர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும் என்பதே. சில வேளை அது சரியான முடிவுதான். ஆனால் பெரும்பாலான வண்டிகளுக்கு, இருக்கும் ஷாக்கைப் பிரித்துப் புதுப்பித்து, ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங்கைப் போட்டால் போதும். அதற்கும் முன்பாகச் சந்தேகப்பட வேண்டியது ஷாக்கை அல்ல, அதை, பின்சில்லுகளோடு மேலும் கீழும் அசையும் கரமான ஸ்விங் ஆமுடன் இணைக்கும் லிங்கேஜை.

யமஹா ரப்டர் 700ஆர், வைஎஃப்இசட்450ஆர் போன்ற வண்டிகளில் பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்த அச்சை ஸ்விங் ஆம் தாங்க, அதன் அசைவு முழுவதையும் ஒரே ஒரு ஷாக் லிங்கேஜ் வழியாக ஏற்கிறது. சில்லு மேலெழ எழ ஷாக் கூடுதலாக அமுங்கும்படி லிங்கேஜ் அமைந்திருப்பதால், சிறு அலைமேடுகளில் மென்மையும் பெரிய குதிப்பில் விறைப்பும் கிடைக்கின்றன. ஆனால் அது இருப்பது வண்டியின் அடிவயிற்றில். கடல்நீரும் மணலும் முதலில் போய்ச் சேரும் இடம் அதுவே. இந்த இடத்தில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். உப்புவெளியில் ஓடிய என் வண்டிக்கு நல்ல நிலையிலிருந்த வேறொரு ஷாக்கை வாங்கிப் பூட்டிய பின்னும் அதே ‘டொக்’ சத்தம் நிற்கவில்லை. லிங்கேஜின் கீழ் போல்ட்டைக் கழற்ற அரை நாள் பிடித்தது. உள்ளிருந்த புஷ் வெளியே வந்தபோது, பெயரிங்கின் ஊசி உருளைகள் குங்குமக் குழம்பு போன்ற துருவில் தோய்ந்து, பாதி கையில் உதிர்ந்தன. மீதி கூட்டோடு ஒட்டிக் கிடந்தன.

ஆகவே முதலில் வண்டியின் சட்டத்துக்கு அடியில் உறுதியான தாங்கியை வைத்து, பின்சில்லுகள் தரையிலிருந்து உயரும்படி நிறுத்துங்கள். சில்லைக் கையால் மெதுவாக மேலே தூக்கும்போது, ஷாக் அசைவதற்கு முன்பே சிறு இடைவெளி ஒன்று ‘கிளிக்’ என்று உணரப்பட்டால், லிங்கேஜின் பெயரிங்கோ ஷாக்கின் முனைப் பெயரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஸ்விங் ஆமைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஆட்டம் தெரிந்தால், பழுது ஸ்விங் ஆமின் சுழல் பெயரிங்கில் இருக்கிறது. பிறகு ஷாக்கைக் கழற்றிவிட்டு ஸ்விங் ஆமை உயர்த்தி மெல்ல இறக்கிப் பாருங்கள். எங்கும் தடக்காமல், கரகரக்காமல் அது தன் எடையிலேயே இறங்க வேண்டும்.

லிங்கேஜ் சரியாக இருந்தால் ஷாக்கின் முறை. பம்பர் ரப்பரைச் சற்று நகர்த்தி, ஷாக்கின் தண்டின் பளபளப்பான பகுதி முழுவதிலும் விரல்நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் எங்காவது தடக்கினால் அங்கே குரோம் பூச்சில் துருக்குழி விழுந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தண்டை மாற்றாமல் புதிய சீல் போட்டால், அந்தக் குழியே சீலை அறுத்து மீண்டும் ஒயிலைக் கசியவிடும். குழி இல்லாமல் ஒயில் ஈரம் மட்டும் இருந்தாலோ, ஓடத் தொடங்கிய சில நிமிடங்கள் வண்டி நன்றாக இருந்து பிறகு துள்ளத் தொடங்கினாலோ, அது புதுப்பிப்பதற்கான அறிகுறியே. ஷாக்கினுள் இருக்கும் வாயுவின் அழுத்தம் குறைந்தால் ஒயிலில் நுரை கட்டும். பழைய ஒயில் சூடேறினால் இளகிவிடும். இரண்டிலும் டம்பிங், அதாவது துள்ளலை அடக்கும் தன்மை, போய்விடுகிறது.

புதுப்பிக்கும் வேலையில், ஒயில், சீல் தலை, ஓ-ரிங்குகள், பிஸ்டன் பட்டி, வாயு அறையில் ரப்பர் பை உள்ள வகையானால் அந்தப் பை ஆகியவை மாற்றப்படும். பிரிப்பதற்கு முன் ஸ்பிரிங் எவ்வளவு இறுகியிருந்தது என்பதையும், டம்பிங்கைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு திருகியும் முழுதாக மூட எத்தனை கிளிக் எடுத்தது என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாயு அறைக்குள் 10 பார் அளவில், சிலவற்றில் அதற்கும் மேலான அழுத்தத்தில், நைதரசன் இருக்கும்; அதை வெளியேற்றாமல் மூடியில் கைவைப்பது உயிராபத்து. திரும்ப நிரப்புவதற்கு ரயர் கடையின் நைதரசன் இயந்திரத்தை நம்ப வேண்டாம். உயர் அழுத்த சிலிண்டரும் ரெகுலேட்டரும் உள்ள பட்டறையே வேண்டும். பிஸ்டனில் உள்ள மெல்லிய தகடுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைக்காத மெக்கானிக்கிடம் ஷாக்கைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

புதுப்பித்த ஷாக் போதுமா என்ற கேள்விக்கு ஓர் அளவுநாடா பதில் சொல்லும். சில்லுகள் தொங்கும் நிலையில் அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே மட்காட்டில் நீங்கள் இட்ட அடையாளம் வரை அளந்து, பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, வழமையான உடுப்போடு ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் மறுபடி அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்சில்லின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். ரப்டர் 700ஆருக்குப் பின்பக்க அசைவு 256 மில்லிமீற்றர் என்பதால், தொங்கும்போது 620 காட்டிய நாடா ஆள் ஏறியதும் 535 அளவில் நின்றால் கணக்குச் சரி. கூடுதலாக இறங்கினால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் வளையத்தை இறுக்குங்கள். குறைவாக இறங்கினால் தளர்த்துங்கள்.

அத்துடன் நிறுத்திவிடாமல், ஆள் இறங்கிய பின் வண்டி தன் சொந்த எடையில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பாருங்கள். அநேகமாக இறங்கவே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது. இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் மெலிந்த ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் அது வெறும் வண்டியை மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது. மாறாக, வெறும் வண்டியே அதிகம் இறங்கினால் ஸ்பிரிங் விறைப்பானது. இரண்டு நிலையிலும் மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கை மட்டுமே. (நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடுபவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, ஸ்போர்ட் ஏடிவி ஒருவருக்காகச் செய்யப்பட்டது.)

புதிய ஷாக் வாங்குவது எப்போது நியாயம்? மலிவான சில வண்டிகளில் ஷாக்கின் உடல் அடித்து மூடப்பட்டிருக்கும். அதைப் பிரிக்கவே முடியாது, எனவே மாற்றத்தான் வேண்டும். தண்டில் துருக்குழி விழுந்து உடலின் உட்சுவரும் கீறியிருந்தால், உதிரிகளின் விலை வேகமாக ஏறிவிடும். சரியான ஸ்பிரிங்கும் புதிய ஒயிலும் இருந்தும் பெரிய குதிப்புகளில் அடிமுட்டினால், முதலில் வால்வுத் தகடுகளை மாற்றியமைக்கலாம். அதுவும் போதாதபோதே எல்கா, ஃபொக்ஸ், ஓலின்ஸ் போன்ற ஷாக்குகளின் பக்கம் போக வேண்டும். ஓடர் கொடுக்கும்போது ஓட்டுபவரின் எடை, ஓடும் நிலம், ஷாக்கின் இரு முனைத் துளைகளுக்கும் இடையிலான நீளம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். நீளமான ஸ்விங் ஆம் போட்டவர்கள் அதையும் சொல்ல வேண்டும். நீளம் கூடினால் ஷாக்கின் மீது நெம்புவிசை கூடும், பழைய ஸ்பிரிங் மெலிந்ததாகிவிடும்.

வேலையை வடகீழ்ப் பருவமழை மாதங்களில் வைத்துக்கொள்வது வசதி. கடற்கரை ஓய்ந்திருக்கும், பாகம் வரத் தாமதித்தாலும் நட்டமில்லை. பூட்டும்போது லிங்கேஜ் பெயரிங்குகளுக்கு நீரில் கரையாத மரைன் கிரீஸைத் தாராளமாக அடையுங்கள். கடற்கரை ஓட்டம் முடிந்த ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவுங்கள், ஆனால் உயர் அழுத்தத் தண்ணீரை நேராக சீல்களின் மேல் பாய்ச்ச வேண்டாம். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சரிபார்த்து, அளவுநாடாவை மறுபடி பிடித்துப் பாருங்கள். புது ஸ்பிரிங் படிந்து அளவு சிறிது மாறியிருந்தால், வளையத்தை மீண்டும் அதற்கேற்பத் திருப்புங்கள்.