கிளையில்லாத மா ஒட்டுக்கன்றைக் கிளை பிரிய வைப்பது எப்படி?

மா ஒட்டுக்கன்று வாங்கி வருவோர் பலருக்கும், கன்று வெறும் குச்சியாக நிற்கிறதே என்ற மனக்குறை உண்டாகிறது. பெங்களூராவோ செந்தூராவோ, எந்த இரகமானாலும் பையில் நிற்பது பெரும்பாலும் ஒற்றைத் தண்டும் அதன் உச்சியில் ஒரு கொத்து இலையும்தான். இது கன்றின் குறை அன்று; கிளை எந்த உயரத்தில் பிரிய வேண்டும் என்ற முடிவு நடுபவரிடம் விடப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள்.

ஒட்டுக் கட்டும்போது, வேர் தருவதற்காகக் கொட்டையிலிருந்து வளர்த்த நாட்டு மாங்கன்றான வேர்ச்செடியின் தலையை வெட்டிவிட்டு, தாய்மரத்திலிருந்து எடுத்த, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரே ஒரு குச்சியை அதில் செருகிக் கட்டுகிறார்கள். அந்தக் குச்சியின் நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி தண்டின் வழியே கீழே இறங்கி, பக்க மொட்டுகளை எழவிடாமல் உறக்கத்திலேயே வைத்திருக்கிறது. இதனுடன், நர்சரியில் பைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குவதால் வெளிச்சம் மேலிருந்து மட்டுமே கிடைத்து, கன்றுகள் போட்டியிட்டு உயர்கின்றன. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியில் வரும் போத்துகளை நர்சரிக்காரர்களே அவ்வப்போது கிள்ளிவிடுகிறார்கள். வண்டியில் ஏற்றும்போது கிளை முறியும் தொல்லையும் ஒற்றைத் தண்டுக்கு இல்லை. சிறிய பைக்குள் சுருங்கிக் கிடக்கும் வேர், நட்ட புதிதில் நிறைய இலைகளுக்கு நீர் கொடுக்க இயலாது என்பதால், கிளையின்மை ஒரு வகையில் நன்மையே.

ஆகவே வாங்கும்போது கிளைகளை எண்ண வேண்டியதில்லை. ஒட்டுப்பகுதி பிளவின்றிக் கூடியிருக்கிறதா, ஒட்டுக்கு மேல் இரண்டு தளிர்ப்புகளாவது (ஒரு முறை தளிர்விட்டு வளர்ந்த பகுதி ஒரு தளிர்ப்பு) முற்றியிருக்கின்றனவா, தண்டு உயரத்திற்கேற்ற பருமனுடன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வரிசையிலேயே உயரமான கன்றைக் கேட்டு வாங்குவது நம்மவர்களின் வழக்கம். அது பெரும்பாலும் நிழலில் நீண்டு மெலிந்த கன்றாகவே இருக்கும். ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடா இன்னும் இருந்தால், தண்டை இறுக்குவதற்கு முன் அதைக் கீறி எடுத்துவிட வேண்டும்.

நடும்போது ஒட்டுப்பகுதி தரைமட்டத்திற்கு மேல் குறைந்தது 15 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும்; மண்ணுக்குள் புதைந்தால் ஒட்டு அழுகக்கூடும். காற்றில் ஆடாதபடி ஒரு கழியை ஊன்றித் தளர்வாகக் கட்டி, ஒட்டுக்குக் கீழே எழும் துளிர்களைக் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால், ஒட்டு இரகம் நலிந்து நாட்டு மாவே மரமாகிவிடும்.

நட்டவுடன் நுனியை வெட்டக்கூடாது. கன்று வேர்பிடித்து, புதிய தளிர் விட்டு, செம்பு நிறத்தில் வந்த அந்த இலைகள் கரும்பச்சையாகி விறைக்கும் வரை காத்திருந்து, தண்டு ஏறக்குறைய 75 செ.மீ. உயரத்தைத் தாண்டிய பிறகு 60 முதல் 70 செ.மீ. உயரத்தில் நுனியை வெட்டலாம். வெட்டும் இடத்தில்தான் கவனம் வேண்டும். மா தொடர்ச்சியாக வளர்வதில்லை. தளிர்விட்டு, முற்றி, ஓய்ந்து, மீண்டும் தளிர்விடுகிறது. ஒவ்வொரு தளிர்ப்பும் முடிந்த இடத்தில் இலைகளோ, இலை உதிர்ந்த தழும்புகளோ வளையம் போல் நெருங்கியிருப்பதைத் தண்டில் விரலை ஓட்டிப் பார்த்தாலே உணரலாம். அந்த வளையத்திற்கு மேலே வெட்டினால், அங்கே குவிந்துள்ள மொட்டுகள் ஒருசேரக் கிளம்பி, ஐந்தாறு கிளைகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். காய்ப்பாரமும் காற்றும் சேரும் காலத்தில் கவட்டை பிளப்பது இத்தகைய மரங்களில்தான். வளையத்திற்குச் சற்றுக் கீழே வெட்டினால், எழும் துளிர்கள் குறைவாகவும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் அமையும். கூர்மையான கவாத்துக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டி, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்பான போர்டோ பசையைத் தடவ வேண்டும். அடைமழை நாட்களையும் கடுங்கோடையையும் தவிர்ப்பது நல்லது.

சில வாரங்களில் துளிர்கள் எழும். வெவ்வேறு திசைகளை நோக்கி, முடிந்தால் வெவ்வேறு உயரத்தில் பிரியும் மூன்று அல்லது நான்கை மட்டும் விட்டு, மற்றவற்றை இளசாக இருக்கும்போதே நீக்கிவிட வேண்டும். தண்டோடு ஒட்டி நேர்மேலாக ஏறும் துளிரை, எவ்வளவு கொழுப்பாக இருந்தாலும், விடக்கூடாது. இளந்தளிரை இலை வெட்டும் கூன்வண்டு நறுக்கிப் போடுவதுண்டு. கன்றின் அடியில் வெட்டுண்ட தளிரிலைகள் கிடந்தால் அவற்றைப் பொறுக்கி அழித்துவிட வேண்டும், ஏனெனில் வண்டின் முட்டைகள் அவற்றில்தான் இருக்கும்.

இந்த முதற்கிளைகள் முற்றியதும் அவற்றின் நுனியையும் அதே முறையில் வெட்டினால் அடுத்த சுற்றுக் கிளைகள் பிரியும். 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்ற அடர்நடவில் இந்தச் சுற்றுகளைத் தவறவிடவே கூடாது. விட்டால் வரிசைகள் விரைவில் மூடிக்கொள்ளும். ஒட்டுக்கன்று முதல் ஆண்டிலேயே பூ எடுப்பதும் உண்டு. முதல் மூன்று ஆண்டுகள் வரை அந்தப் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால், கன்றின் வலு கிளைகளுக்குச் செல்லும்.