கொறங்காட்டில் எத்தனை உருப்படி ஆடுமாடு கட்டலாம்? புல்லை நிறுத்துப் போடும் கணக்கு

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்தில் வேலியடைத்த மேய்ச்சல் காட்டைக் கொறங்காடு என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் காடு பச்சைப்பசேலென்று நிற்கும். பலர் ஆடு வாங்கிப் பட்டியைப் பெருக்குவது அப்போதுதான். அடுத்த கோடைமழையை நம்பிப் பேச சித்திரை வந்தாக வேண்டும். அதுவரை ஐந்து மாதத்துக்கும் இப்போது நிற்கிற புல்தான் தீவனம். அதனால் கணக்கைக் கார்த்திகைக் கடைசியில், இந்தக் காடுகளின் முக்கியத் தீவனப்புல்லான கொழுக்கட்டைப்புல் கதிர் விட்ட பிறகு போடுங்கள்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் கம்பியிலோ மூங்கிலிலோ சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். 5 ஏக்கர் காடு என்றால் மூலைக்கு மூலை நடந்து, 25 எட்டுக்கு ஒருமுறை சட்டத்தைக் கீழே போடுங்கள். ஏறக்குறைய பத்து இடம் கிடைக்கும். வெள்வேல மரத்தடியோ சரளை மேடோ சொட்டை விழுந்த இடமோ, சட்டம் எங்கே விழுகிறதோ அங்கேயே அறுக்க வேண்டும். புல்லே இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள். இடத்தை நாமே தேர்ந்தெடுத்தால் கண் தானாக நல்ல புல்லைத் தேடிப் போகும், கணக்கு ஏறிவிடும்.

தரையிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டு அறுங்கள். செப்புநெருஞ்சி, நரிப்பயறு போல ஆடுமாடு தின்னும் செடிகள் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். எருக்கும் ஆவாரையும் வேண்டாம். அறுத்ததை வெயிலில் காயவைத்து, இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் அந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சைப்புல்லில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அப்படியே நிறுத்தால் இருக்கிற தீவனம் இரண்டு மடங்குக்கு மேலாகத் தெரியும்.

ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். எனவே சட்டத்துக்குச் சராசரி எத்தனை கிராமோ, அதை 4 ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ காய்ந்த புல் என்பது வந்துவிடும். சராசரி 150 கிராம் என்றால் ஏக்கருக்கு 600 கிலோ, 5 ஏக்கருக்கு 3,000 கிலோ. இதில் 40 சதவீதத்தை மட்டும் தீவனமாக எடுங்கள்: 1,200 கிலோ. மீதியில் ஒரு பங்கு மிதிபடும், சாணம் பட்டுக் கெடும், கறையான் தின்னும். மற்றது அடுத்த மழைக்குத் துளிர்க்கத் தூரோடு நிற்க வேண்டியது. இந்த 40 சதவீதத்தைத் தாண்டிக் கைவைத்தால் அடுத்த ஆண்டுப் புல்லைத்தான் தின்னக் கொடுக்கிறோம்.

320 கிலோ காங்கேயம் பசு நாளைக்கு ஏறத்தாழ 8 கிலோ உலர் தீவனம் தின்னும். பால் கறந்தால் 10 கிலோ வரை வேண்டும். மேச்சேரிச் செம்மறி பெட்டைக்குச் சுமார் 1 கிலோ. பால்குடி மறந்த குட்டியைப் பாதி ஆடாகக் கணக்கில் சேருங்கள். குட்டிகளை எண்ணாமல் விடுவதால்தான் மாசியில் கணக்கு உதைக்கிறது. 1,200 கிலோவை 150 நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 8 கிலோ. ஒரு மாடு, அல்லது எட்டு ஆடு. அவ்வளவுதான் அந்தக் காடு தாங்கும்.

இரண்டாவது மாடும் வேண்டுமென்றால் அதற்கான 1,200 கிலோ சோளத்தட்டு போரில் இருக்க வேண்டும். நறுக்காமல் போட்டால் தடித்த தண்டை ஒதுக்கிவிடும் என்பதால் 1,500 கிலோவாக வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் உதிரும் வெள்வேலங்காய் ஆட்டுக்கு அருமையான புரதத் தீவனம். ஆனால் அது வருவதற்குள் மூன்று மாதம் கழிந்திருக்கும். அதை நம்பி மார்கழியில் உருப்படி கூட்டக் கூடாது.

துளிர் பார்த்ததும் திறந்துவிடுவதுதான் கொறங்காட்டைக் கெடுக்கிற பெரிய காரணம். வேரில் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டுதான் புல் துளிர்க்கிறது. இலை விரியுமுன் மேய்ந்தால் வேருக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை, இப்படியே தொடர்ந்தால் தூரே செத்துவிடும். அந்த இடத்தில் ஊசிப்புல் ஏறும். புல் ஒன்றரைச் சாண் வளர்ந்த பிறகு முதலில் மாட்டை விடுங்கள், ஆடு பின்னால் போகட்டும். ஆடு தரையை ஒட்டிக் கடிக்கும் என்பதால் நான்கு விரல் உயரத்துக்கு வந்ததும் படலைச் சாத்திவிட்டு, கிளுவை வேலிக்கு அடுத்த காட்டுக்கு மாற்றுங்கள்.

கணக்கில் உருப்படி மிஞ்சினால் மார்கழியிலேயே விற்றுவிடுங்கள்: முதலில் கெடாக்குட்டிகள், பிறகு பல் தேய்ந்த பெட்டைகள், சினை பிடிக்காத மாடுகள். வறட்சி ஆண்டில் பங்குனி வரை இழுத்தால் ஊரே சந்தைக்கு வரும். உடம்பும் இறங்கியிருக்கும், விலையும் இறங்கியிருக்கும். தீவனம் தீர்ந்துபோய், மழையில்லாமல் குன்றி நிற்கிற இளஞ்சோளத்தில் மட்டும் மாட்டை விட்டுவிடாதீர்கள். அதில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும், சில நிமிடங்களிலேயே மாடு விழுந்துவிடலாம்.

சொட்டை விழுந்த இடத்துக்குக் கொழுக்கட்டை விதை ஏக்கருக்கு 3 கிலோ போதும். புதிதாகப் பறித்த விதை சரியாக முளைக்காது, ஆறு மாதம் வைத்திருந்ததை எடுங்கள். பஞ்சுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஈரமணலில் பிசிறித் தூவி, முள்கிளையை இழுத்து மேலாக மூடுங்கள். ஒரு விரல் தடிமனுக்கு மேல் ஆழம் போனால் முளை சரியாக மேலே வராது. விதைத்த காட்டை அந்த ஆண்டு முழுக்க மேய்க்க வேண்டாம்.