புளியங்கொட்டை நிதிக்குழு: நடித்து ஆடும் முறை

ஏழு பேர், ஒரு நீள மேசை, நூறு புளியங்கொட்டை இருந்தால் போதும். கொட்டைகள்தாம் ஆராய்ச்சி நிதி; அதை விண்ணப்பங்களுக்குப் பேசிப் பங்கிடுவதுதான் ஆட்டம். ஆளுக்கொரு பேராசிரியர் வேடம். ஒவ்வொருவருக்கும் துறையையும் ஒரு பழைய மனக்கசப்பையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கசப்பு சிறியதாக இருக்கட்டும். ‘என் குடையை வாங்கிப் போனவர் இன்னும் தரவில்லை’ என்ற சீட்டு, எந்தக் கொள்கைச் சண்டையையும் விட நன்றாகப் பற்றிக்கொள்ளும்.

விண்ணப்பங்களைத் திருகோணமலையிலிருந்தே எடுங்கள்: கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், பிரட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்கள், கடலில் வரும் நீலத் திமிங்கிலங்கள். தெரிந்த ஊர் என்றால் கூச்சமுள்ளவரும் வாய் திறப்பார்.

ஒரு விதியை மட்டும் நான் தளர்த்துவதில்லை: குரலை உயர்த்தக்கூடாது, மரியாதைச் சொற்களாலேயே குத்தவேண்டும். சென்றமுறை எங்கள் விறாந்தையில் நீரியல் பேராசிரியராக அமர்ந்த என் மச்சாள், “ஐயா சொல்வது சரிதான், ஆனால் ஐயா அந்தக் கிணற்றில் ஒரு வாளியாவது அள்ளிக் குளித்ததுண்டா?” என்று கேட்டபடியே, சுண்டுவிரலால் ஒரு கொட்டையைத் தன் பக்கம் நகர்த்தினாள். எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்துவிட்டார்.

நாற்பதாவது நிமிடத்தில் பிளேன்ரீ வரும். அதற்குள் பங்கீட்டுத் தாளில் ஐவர் ஒப்பமிடாவிட்டால் கொட்டைகள் அத்தனையும் மீண்டும் போத்தலுக்குள் போய்விடும். அடுப்படியில் கோப்பைச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பேனாவைத் தேடுவார்கள்; ஆகவே மேசையில் ஒரே ஒரு பேனா வையுங்கள்.